சக்கரத்தின் வலிமை கம்பியின் பருமனிலா?

நாம் நாள்தோறும் பார்த்தும் பாராமல் விட்டுவிடும் பொருள்களுள் மிதிவண்டிச் சக்கரமும் ஒன்று. கறுப்பு வண்ணம் பூசிய பழைய மாதிரி வண்டியில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. கம்பி ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் பருமன்தான். தனியே எடுத்துக் கையால் வளைத்தால் வளைந்துவிடும். அத்தகைய கம்பிகளை நம்பி ஓர் ஆளும் அவர் ஏற்றிய சுமையும் நாள் முழுதும் உருண்டு போகின்றன என்பது எண்ணிப் பார்த்தால் வியப்பாகவே இருக்கிறது.

என்னை எண்ணிப் பார்க்க வைத்தவர் என் பெரியப்பா. சோழவந்தான் பக்கத்துத் தோப்புகளில் இளநீர் வாங்கி, மிதிவண்டியில் கட்டி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மதுரைக்குள் கொண்டுவந்து விற்பது அவர் தொழில். இத்தொழிலில் உள்ள பலரும் இன்று மொபெட்டுக்கு மாறிவிட்டார்கள். அவர் மாறவில்லை, பெட்ரோலுக்குப் போகிற காசு வீட்டுக்கு ஆகட்டும் என்பது அவர் கட்சி. ஒரு நடைக்கு 40 காய். காய் ஒன்று 2 கிலோ என்று வைத்துக்கொண்டால் 80 கிலோ. அதில் பெரும்பகுதி கேரியரின் இரு பக்கமும் குலை குலையாகத் தொங்கும். ஆளின் எடையையும் சேர்த்தால் பின்சக்கரத்தின்மேல் மட்டும் 100 கிலோவுக்குக் குறையாது.

சென்ற கோடையில் அவருடைய பின்சக்கரத்தில் கம்பி அடிக்கடி முறியத் தொடங்கியது. ஒரு கம்பி முறிந்தால் ரிம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோட்டம் விழும். பிரேக் கட்டையில் உரசும். அப்படியே ஓட்டினால் அடுத்த கம்பியும் போகும். பாதி வழியில் சுமையை இறக்கி வைத்துக் கடை தேடினால் வெயிலில் காயும் வாடும், வியாபாரமும் போகும். கோடை மூன்று மாதம்தான் அவருக்கு ஆண்டு வருமானம். ஒரு கடையில், “12 கேஜ் தடிக் கம்பியாப் போட்டுருங்க, ஆயுசுக்கும் முறியாது” என்று சொல்லி, ஹப், ரிம், கம்பி எல்லாவற்றையும் மாற்ற ஒரு தொகை கேட்டிருக்கிறார்கள். அவருக்கு அது பத்து நாள் உழைப்பு. “காலேசுல இயற்பியல்தானப்பா படிக்கிற? கேக்குற காசு தகுமான்னு ஒரு கணக்குப் பாத்துச் சொல்லு” என்றார் பெரியப்பா. அந்தக் கணக்கே இக்கட்டுரை.

கணக்குக்குப் போகுமுன் மாட்டுவண்டிச் சக்கரத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். நடுவில் குடம்; அதிலிருந்து புறப்படும் ஆரக்கால்கள்; வெளியே வட்டை; அதன்மேல் இரும்புப் பட்டை. அச்சின்மேல் பாரம் ஏறினால், அச்சுக்கு நேர் கீழே நிற்கும் ஆரக்கால் தூண்போல நின்று அதைத் தாங்குகிறது. கொல்லர் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி வட்டையின்மேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார். பட்டை சுருங்கி மரம் முழுவதையும் உள்நோக்கி நெருக்கிப் பிடிக்கும். ஆக அது அழுத்தத்தால் உறுதி பெறும் சக்கரம். மிதிவண்டிக் கம்பி தூணாக நிற்குமா? ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையை அமுக்கிப் பாருங்கள். உடனே வில்லாக வளைந்துவிடும். கம்பிக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது.

இழுக்க மட்டுமே தெரிந்த பொருளைக் கொண்டு சக்கரம் செய்யலாம் என்று எண்ணியவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேய்லி. பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டும் என்று 1808-இல் அவர் இந்த எண்ணத்தைக் குறித்து வைத்தார். 1869-இல் பாரிசில் யூஜின் மேயர் கம்பிச் சக்கரத்துக்கு உரிமை பெற்றார். 1870-இல் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் கம்பிச் சக்கரம் பூட்டிய வண்டியை இங்கிலாந்தில் கொண்டுவந்தார்கள். 1874-இல் ஸ்டார்லி செய்த மாற்றம்தான் இன்றுவரை நிலைத்து நிற்கிறது. கம்பிகள் நடுவிலிருந்து நேராக விளிம்புக்குப் போனால், சங்கிலி ஹப்பைத் திருப்பும்போது ரிம் உடனே கூடத் திரும்பாது. கம்பிகள் எல்லாம் ஒரு பக்கம் வளையும். வடிவியலில் தொடுகோடு என்கிறோமே, அதுபோலக் கம்பியை ஹப்பின் விளிம்பிலிருந்து சாய்த்துக் கொண்டுபோனால் திருப்பும் விசை நேரான இழுப்பாக மாறிவிடும். நம் வண்டிகளில் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போவது இதனால்தான். 40 கம்பிச் சக்கரத்தில் ஒரு கம்பி தன் பக்கத்துக் கம்பிகளுள் நான்கைக் கடப்பதும், 32 கம்பிச் சக்கரத்தில் மூன்றைக் கடப்பதும் வழக்கம்.

இனி நம் கேள்விக்கு வருவோம். அச்சின்மேல் 100 கிலோ ஏறினால் அதைத் தாங்குவது எந்தக் கம்பி? வகுப்பு நண்பர்களைக் கேட்டேன். “அச்சுக்கு மேலே உள்ள கம்பியில் பாரம் தொங்குகிறது” என்றே பலரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லியிருப்பேன். ஆனால், ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981-இல் வெளியிட்ட மிதிவண்டிச் சக்கரம் பற்றிய நூலில் கணிப்பொறியின் துணையோடு கணக்கிட்டுக் காட்டியது வேறு. பாரம் ஏறியதும் மேல்கம்பிகளின் இழுவிசை கூடுவதே இல்லை என்னும் அளவுக்குத்தான் மாறுகிறது. தரையைத் தொடும் இடத்தில் ரிம் ஒரு மயிரிழை தட்டையாகிறது. அங்கே உள்ள நான்கைந்து கம்பிகளின் இழுவிசை மட்டும் குறைகிறது. அவை குறைத்துக்கொண்ட இழுவிசையின் கூடுதலே ஏறிய பாரம்.

நம்ப முடியவில்லை என்பவர்கள் சோதித்துப் பார்க்கலாம். ஒருவரை வண்டியில் உட்காரச் சொல்லுங்கள். பின்சக்கரத்தின் கீழ்க்கம்பியை விரலால் சுண்டினால் ஒலி இறங்கியிருக்கும். மேல்கம்பியைச் சுண்டினால் ஆள் இருந்தாலும் இறங்கினாலும் ஒரே ஒலி. முதலாண்டில் நாம் சுரமானியில் செய்த சோதனைதான் இது. கம்பியின் நீளமும் பருமனும் மாறாதபோது, இழுவிசை கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். கைபேசியில் சுருதி காட்டும் செயலி இருந்தால் வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இப்போது கம்பி ஏன் முறிகிறது என்பது விளங்கத் தொடங்கும். கட்டும்போதே ஒவ்வொரு கம்பியிலும் 70 கிலோ இழுவிசை ஏற்றி வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். 100 கிலோ பாரத்தை நான்கு கம்பிகள் பகிர்ந்தால் ஆளுக்கு 25 கிலோ குறையும். மீதி 45 கிலோ இருக்கும். கம்பி விறைப்பாகவே நிற்கும். பள்ளத்தில் விழுந்து அந்தக் குறைவு இரு மடங்கானாலும் 20 கிலோ மிச்சம். அதே கம்பியில் முதலில் 20 கிலோதான் இருந்தது என்றால்? ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும்போது கம்பி முழுவதும் தளர்ந்துவிடும். மேலே போகும்போது மறுபடி இழுபடும். தளர்ந்த நேரத்தில் நிப்பிள் தானே கொஞ்சம் திரும்பிக் கழலும். கழன்றால் இன்னும் தளர்ச்சி. தளர்ந்த கம்பி தாங்க வேண்டியதை அதன் பக்கத்துக் கம்பிகள் தாங்கும்.

இது எத்தனை முறை நடக்கிறது என்றும் பார்ப்போம். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.23 மீட்டர். 20 கிலோமீட்டருக்குச் சுமார் 9,000 சுற்று. திரும்பி வரும்போது வண்டி வெறுமையாக வருவதால் அதை விட்டுவிடலாம். ஆண்டுக்கு 300 நாள் என்றால் சுமையோடு மட்டும் 27 இலட்சம் சுற்று. ஒவ்வொரு கம்பியும் ஆண்டுக்கு 27 இலட்சம் முறை தளர்ந்து விறைக்கிறது. கட்டுக்கம்பியை ஒடிக்க வேண்டுமானால் நாம் என்ன செய்கிறோம்? முன்னும் பின்னும் மடக்குகிறோம். ஒரே இழுப்பில் அறுக்க முடியாத கம்பி, பத்துத் தடவை மடக்கினால் ஒடிகிறது. இதை உலோகச் சோர்வு என்பார்கள். பெரியப்பா எடுத்து வைத்திருந்த முறிந்த கம்பிகளை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து உருப்பெருக்கியில் பார்த்தேன். பெரும்பாலானவை ஹப்பின் துளைக்குள் வளைந்து நுழையும் கழுத்தில் முறிந்தவை. முறிந்த முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாகவும், மறு பகுதி சொரசொரப்பாகவும் இருந்தது. வழவழப்பான பகுதி நாள்கணக்காக மெல்ல விரிந்த வெடிப்பு. சொரசொரப்பானது கடைசி நாளில் ஒரேயடியாக அறுந்த இடம். பாரம் தாங்காமல் அறுந்த கம்பி என்றால் கழுத்தில் இப்படி இரண்டு முகம் இராது.

இனித் தடிக் கம்பிக்கு வருவோம். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். நம்மூர் நெசவாளர் சொல்லும் நூல் நம்பர் போல என்று நினைவில் வைக்கலாம். 14 கேஜ் ஏறத்தாழ 2.0 மி.மீ., 13 கேஜ் 2.3 மி.மீ., 12 கேஜ் 2.6 மி.மீ. பருமனில் வேறுபாடு அற்பமாகத் தோன்றினாலும் குறுக்குவெட்டுப் பரப்பில் 12 கேஜ் கம்பி 14 கேஜைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு. அறுப்பதற்கு வேண்டிய விசையும் அதே அளவு கூடும். கடைக்காரர் சொன்னது இதுவரை சரி. ஆனால் நம் கம்பிகள் இழுத்து அறுபடவில்லையே, சோர்ந்தல்லவா முறிகின்றன?

யங் குணகத்தை இங்கே பயன்படுத்தலாம். 30 செ.மீ. நீளமுள்ள 14 கேஜ் கம்பியில் 70 கிலோ இழுவிசை ஏற்றினால் அது சுமார் 0.33 மி.மீ. நீளும். 12 கேஜ் கம்பி அதே இழுவிசைக்கு 0.19 மி.மீ. மட்டுமே நீளும். சாலையில் ஒரு கல்லின்மேல் ஏறி ரிம் 0.2 மி.மீ. உள்ளே அமுங்கியது என்று வையுங்கள். மெல்லிய கம்பி நீட்சியில் ஒரு பகுதியை இழந்து இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கும். தடிக் கம்பி முழுவதும் தளர்ந்துவிடும். விறைப்பான தடிக் கம்பி பக்கத்துக் கம்பிகளோடு பாரத்தைப் பகிர்வதும் குறைவு. “அப்படியானால் தடிக் கம்பியை இன்னும் இறுக்கிக் கட்டலாமே?” என்று கேட்கலாம். ரிம் விடாது. 40 கம்பியும் 70 கிலோவில் இழுத்தால், ரிம்மின் உடலில் எந்த இடத்திலும் சுமார் 450 கிலோ அழுத்தம் நிற்கிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் நிப்பிள் துளையைச் சுற்றி ரிம் பிய்யத் தொடங்கும். இல்லையேல் சக்கரம் 8 போலத் திருகிக்கொள்ளும். கம்பியை எவ்வளவு இறுக்கலாம் என்பதை முடிவு செய்வது ரிம்தான்.

தடிக் கம்பிக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று சக்கர ரிக்‌ஷாவுக்கு அது வேண்டும். இரண்டு சக்கர வண்டி திருப்பத்தில் சாய்கிறது. அதனால் விசை சக்கரத்தின் தளத்திலேயே போகிறது. மூன்று சக்கர வண்டி சாயாது; திருப்பத்தில் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அதற்கேற்ற கனத்த ரிம்மும் பெரிய துளையுள்ள ஹப்பும் அதற்கு உண்டு. மொபெட்டின் சக்கரமும் அப்படித்தான். விட்டம் சிறிது, கம்பி குட்டை, ரிம் கனம். மூன்றும் சேர்ந்து வந்தால் தடிக் கம்பி நல்லது. மிதிவண்டி ஹப்பில் 12 கேஜ் கம்பியை நுழைக்கத் துளையைக் குடைந்து பெரிதாக்குவதைச் சில இடங்களில் பார்த்தேன். துளைக்கும் ஹப்பின் ஓரத்துக்கும் இடையே உள்ள இரும்பு மெலிந்துபோகும். பிறகு கம்பி தப்பிக்கும், ஹப் கிழியும்.

ஆகவே பெரியப்பாவுக்கு நான் சொன்ன தேர்வு இது: 40 துளை ஹப்பும் ரிம்மும் இருக்கட்டும், புதிதாக 40 கம்பியும் 14 கேஜிலேயே போடுவோம். இப்போது வரும் சில புது மாதிரி வண்டிகளில் இரண்டு சக்கரத்துக்கும் 36 கம்பி வருகிறது. சுமை ஏற்றுபவர்களுக்குப் பின்னால் 40 இருப்பதே நல்லது. கம்பியின் எண்ணிக்கை கூடினால் தரைக்கருகே பாரத்தைப் பகிர ஆள் கூடும். கம்பியைத் தடியாக்குவதைவிட இது மேலான வழி. ஹப்பின் துளை 13 கேஜை நெருக்கமில்லாமல் ஏற்குமானால் அதையும் போடலாம், தவறில்லை. கழுத்தில் மட்டும் 13 கேஜும் உடலில் 14 கேஜுமாக இழுத்த கம்பிகளும் உலகில் செய்கிறார்கள். முறியும் இடத்தில் பருமன், நீள வேண்டிய இடத்தில் மெலிவு. நம் கணக்குப்படி இதைவிடச் சிறந்தது இல்லை, கிடைத்தால் வாங்கலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. கம்பியை ஹப்பின் துளையில் விட்டுப் பார்த்தால் கழுத்து ஆடாமல் உட்கார வேண்டும். பழைய ஹப்பில் துளை தேய்ந்து பெரிதாயிருந்தால் கம்பியின் தலைக்கு உள்ளே சிறு வாஷர் போடலாம். மரையை விரலால் தடவிப் பாருங்கள். கூடுமானால் திருகு அளவியால் அளந்து பாருங்கள். (எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் நான் சைக்கிள் கம்பியோடு வந்தது கண்டு சிரித்தாலும் அளவியைத் தந்தார்.) உருட்டி எடுத்த மரை கம்பியின் உடலைவிடச் சற்றுப் புடைத்திருக்கும், 2.0 மி.மீ. கம்பியில் மரை 2.2 மி.மீ. வரை இருக்கும். வெட்டி எடுத்த மரை புடைக்காது. வெட்டும்போது கம்பி அந்த இடத்தில் மெலிந்துவிடுவதால் அங்கே முறியும். நீளத்துக்குப் பழைய கம்பி ஒன்றைக் கொண்டுபோவதே வழி. கட்டி முடித்ததும் கம்பியின் நுனி நிப்பிளின் தலைவரை வர வேண்டும். குட்டையாக இருந்தால் இரண்டு மூன்று மரையே பிடிக்கும். நீண்டிருந்தால் ட்யூபைக் குத்தும். நிப்பிள் பித்தளையாக இருந்தால் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது. பின்னால் கோட்டம் எடுக்க வசதி.

துருவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இளநீர்க்காரர், மீன்காரர், தண்ணீர்க் குடம் சுமப்பவர் ஆகியோரின் சக்கரத்தில் ஈரம் சொட்டிக்கொண்டே இருக்கிறது. துருவின் ஒவ்வொரு பொட்டும் வெடிப்புக்கு ஒரு தொடக்கம். அவர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி கூடுதல் விலைக்குத் தகும். காந்தத்தை வைத்து ஒட்டினால் போலி என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். துருப்பிடிக்காத எஃகையும் குளிர்நிலையில் இழுத்துக் கம்பியாக்கினால் ஓரளவு காந்தத்தில் ஒட்டும்.

சக்கரத்தைக் கட்டிக் கொடுத்தவர் எங்கள் ஊர் சைக்கிள் கடை மாமா. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். ஆனால் நான் எழுதிக்கொண்டுபோன கணக்கைக் கேட்டுவிட்டு, “இதத்தானப்பா நான் காதுல கேக்குறேன்” என்றார். அவர் சக்கரத்தைச் சுழலவிட்டு விரல் நகத்தால் கம்பிகளை வரிசையாகச் சுண்டிக்கொண்டே போவார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கி ஒலித்தால் அங்கே நிறுத்தி அரைத் திருப்பு முறுக்குவார். பின்சக்கரத்தில் பிரீவீல் இருக்கும் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடச் சற்று ஏறி ஒலிக்கும்; ரிம் நடுவில் நிற்க அந்தப் பக்கத்துக் கம்பி நிமிர்ந்து நிற்பதால் அதிகம் இழுக்க வேண்டியிருக்கிறது. ரிம் நேராக ஓடுவதால் மட்டும் கம்பிகள் சமமாக இழுக்கின்றன என்று சொல்ல முடியாது. ஒன்றை அதிகமாகவும் அடுத்ததைக் குறைவாகவும் முறுக்கிக்கூடக் கோட்டம் எடுத்துவிடலாம். பார்வைக்குச் சக்கரம் நேராக ஓடும், ஒரு மாதத்தில் கம்பி போகும். பெரியப்பாவின் பழைய சக்கரம் அப்படித்தான் இருந்தது. முறிந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கம்பி போட்டுப் போட்டு, 40 கம்பியும் 40 விதமாக ஒலித்தன.

கட்டி முடித்தபின் மாமா இன்னொன்று செய்தார். இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து, முழுப் பலத்தோடு உள்ளங்கையில் நெரித்தார். டிக் டிக் என்று ஒலி வந்தது. “கம்பி உக்காருது” என்றார். கழுத்து ஹப்பில் படிந்துகொள்வது ஒரு பக்கம். வளைக்கும்போது கழுத்துக்குள் தங்கிப்போன உள்விசை இந்த நெரிப்பில் தணிகிறது என்பது பிராண்ட் தரும் விளக்கம். கம்பியின் ஆயுளைக் கூட்டுவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்று அவர் எழுதுகிறார். நெரித்தபின் சுருதி கொஞ்சம் இறங்கும். மறுபடி முறுக்கிச் சமன் செய்ய வேண்டும்.

கேட்ட தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குள் வேலை முடிந்தது. பழைய ஹப் நன்றாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டோம், ரிம்மும் பழையதே. ஒரு வாரம் ஓடியதும் மாமா மீண்டும் கம்பிகளைச் சுண்டிப் பார்த்து ஐந்தாறு நிப்பிளை முறுக்கினார். அதன்பின் இக்கோடை முழுதும் கம்பி முறியவில்லை. அடுத்த ஆண்டும் இப்படியே ஓடுமா என்பதைச் சொல்ல இன்னும் 27 இலட்சம் சுற்று ஆக வேண்டும். ஒரு முன்னெச்சரிக்கையாக வலப்பக்கத்துக்கு இரண்டும் இடப்பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று கம்பிகளை எண்ணெய் தடவி, பழைய ட்யூப் துண்டில் சுற்றி, பெரியப்பா கேரியருக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறார். வலப்பக்கத்துக் கம்பி மாற்றப் பிரீவீலைக் கழற்ற வேண்டும் என்பதால் அதற்கான சாவியும் அதனோடு இருக்கிறது.